படலையைத் திறக்கும் முன்: நாய்களை எதிர்கொள்ளும் பயிற்சித் தேர்வுக்கு ஆயத்தமாவோருக்கு

யாழ்ப்பாணத்தில் பொலிஸ் சேவையில் இருக்கும் நான், கடமையின்போது நாய்களைப் பாதுகாப்பாக எதிர்கொள்வது பற்றிய பயிற்சியை முடித்து, அதன் எழுத்துத் தேர்வுக்கும் செய்முறைத் தேர்வுக்கும் தோற்றியவன் என்ற வகையில், அடுத்த அணியினருக்காக இதை எழுதுகிறேன். அழைப்பாணையோடு கோண்டாவில், கொக்குவில் ஒழுங்கைகளுக்குள் நாளாந்தம் நுழைகிறவர்களுக்கு இந்தப் பாடம் புள்ளியோடு முடிந்துவிடுவதில்லை.

எழுத்துத் தேர்வுக்காகச் சிலர் நாய் இனங்களின் பெயர்களைப் பாடமாக்குகிறார்கள். அந்த நேரத்தை நாயின் உடல்மொழிக்குக் கொடுங்கள். வால் ஆடுவதைக் கண்டதும் நட்பு என்று எழுதிவிடக் கூடாது. வால் விறைப்பாக உயர்ந்து, நுனி மட்டும் வேகமாகத் துடிக்க, உடல் அசையாமல் நின்றால் அந்த நாய் பாயக்கூடும். வாலைக் கால்களுக்கிடையே செருகி, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்த்து, உதட்டை நக்கிக்கொண்டிருப்பது பயந்த நாய். தப்பிச் செல்ல வழியில்லாதபோது அதுவும் கடிக்கும். குட்டி ஈன்ற நாயைத் தனியாகக் குறிப்பிடுங்கள்.

பின்னணி கேட்கப்பட்டால், வீட்டு நாய்கள் பொலிஸாரால் சுடப்பட்ட சம்பவங்களால் அமெரிக்காவில் எழுந்த எதிர்ப்பை விளக்கி, அந்நாட்டு நீதித் திணைக்களம் 2011 இல் வெளியிட்ட கையேட்டையும், கொலராடோ 2013 இலும் டெக்சாஸ் 2015 இலும் இப்பயிற்சியைச் சட்டத்தால் கட்டாயமாக்கியதையும் சுருக்கமாக எழுதினால் போதும்.

செய்முறைத் தேர்வில் பெரும்பாலான புள்ளிகள் படலைக்கு வெளியிலேயே தீர்மானமாகின்றன. உள்ளே போகும் முன் வளவை நோட்டமிட வேண்டும்: தண்ணீர்ச் சட்டி, மரத்தடியில் தேய்ந்த மண், அறுந்து கிடக்கும் சங்கிலி, வேலியின் கீழே நாய் நுழையும் பொட்டு (ஓட்டை). பிறகு படலையைத் தட்டிச் சத்தம் எழுப்பி, சற்றுக் காத்திருந்து, “அம்மா, நாயைக் கட்டிப்போட்டு வாங்கோ, நாங்கள் பொலிஸ்” என்று வீட்டாரை அழைக்க வேண்டும். இந்த ஒரு வாக்கியம் கைத்துப்பாக்கியைவிடப் பயனுள்ளது என்பதே என் உறுதியான கருத்து. எங்கள் ஊரில் நாயின் பெயர் தெரிந்தவர் வீட்டுக்குள்தான் இருக்கிறார். அவர் கூப்பிட்டால் அது பெரும்பாலும் திரும்பிவிடும்.

அப்படியும் நாய் நெருங்கினால், ஓடாமல், அதன் கண்ணை உற்றுப் பார்க்காமல், உடலைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, கையிலுள்ள ஆவணக் கோப்பையோ சைக்கிளையோ இடையில் வைத்து, மெதுவாகப் பின்வாங்கிப் படலையைச் சாத்த வேண்டும். பரீட்சகர் முதலில் பார்ப்பது உங்கள் கால்களைத்தான். முதுகைக் காட்டி ஓர் அடி வைத்தாலும் அவர் குறித்துக்கொள்வார். கீழே விழ நேர்ந்தால் சுருண்டு படுத்து, கழுத்தையும் காதுகளையும் கைகளால் மறைத்து அசையாதிருக்க வேண்டும்.

துப்பாக்கி பற்றிய கேள்வி கட்டாயம் வரும் என்று எண்ணியே படியுங்கள். ஓடிவரும் நாய் தாழ்வான, அசையும் இலக்கு. சீமெந்து முற்றத்தில் தெறிக்கும் குண்டு பிள்ளைகளையோ சக உத்தியோகத்தரையோ தாக்கலாம். எனவே வேறு வழியின்றி உயிருக்கு ஆபத்து நேரும்போது மட்டுமே சுடுவது நியாயம் என்று காரணத்தோடு எழுதுங்கள்.

இறுதி வினாவாகக் கடி பற்றிக் கேட்டால், விடையைக் காயத்திலிருந்து தொடங்குங்கள்: ஓடும் நீரிலும் சவர்க்காரத்திலும் 15 நிமிடங்கள் கழுவி, தாமதமின்றி வைத்தியசாலைக்குச் சென்று விசர்நாய்க்கடித் தடுப்பூசி பற்றி வைத்தியரின் ஆலோசனையைப் பெற வேண்டும். நோய் அறிகுறிகள் தோன்றியபின் காப்பாற்றுவது ஏறத்தாழ இயலாது என்பதால் கடி சிறியதென்று விட்டுவிட முடியாது. இயன்றவரை கடித்த நாயை உயிருடன் கட்டிவைத்துக் கண்காணிக்கச் செய்து, அதன் தடுப்பூசி அட்டையைப் பார்த்துக் குறிப்பேட்டில் பதிந்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிக்க வேண்டும். நாய் இறந்துவிட்டால் ஆய்வுகூடப் பரிசோதனைக்கு அதன் மூளை தேவை; தலையில் சுடக் கூடாது என்பதற்கு இதையும் ஒரு காரணமாக எழுதலாம்.