ஓரிரு இடங்களில்

“அண்ணா, ஒரு அரை மணி நேரம் பொறுக்க முடியுமா? ராத்திரி ரன் வந்துட்டிருக்கு.”

2024 அக்டோபர் 15ஆம் தேதி இரவு 11.20 மணிக்கு, வானிலை ஆர்வலனான அந்தத் தம்பி போனில் கேட்டது இவ்வளவுதான். ரன் என்றால் கணினி மாடல் ஓடித் தரும் மழைக் கணிப்பு. “சிட்டி எடிஷன் 11.45க்குப் போகணும்பா” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், “சரிண்ணா. தலைப்புல ‘ஓரிரு இடங்களில்’ மட்டும் எடுத்துடாதீங்க” என்றான். எடுக்க மாட்டேன் என்று சொன்னேன். 11.38க்கு எடுத்தேன்.

அன்றைய நிலவரம் எல்லோருக்கும் நினைவிருக்கும். வடகிழக்குப் பருவமழை அன்றுதான் தொடங்கியிருந்தது. பகலில் நல்ல மழை. மறுநாளைக்குச் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு நான்கு மாவட்டங்களுக்கும் ரெட் அலர்ட். வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக ஏறி நின்றன. கடைகளில் பிரெட் இல்லை, பால் பாக்கெட் இல்லை.

நிருபர் கொடுத்த தலைப்பு இது: ‘சென்னை உள்பட 4 மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இன்று அதி கனமழைக்கு வாய்ப்பு’. பக்கம் போடுகிறவர் திரையைப் பார்த்துக்கொண்டே, “மூணு வரி போகுது சார். ‘ஓரிரு இடங்களில்’ஐ தூக்கிட்டா ரெண்டு வரியில நின்னுடும், எழுத்தையும் பெரிசு பண்ணிடலாம்” என்றார். நான் தலையை ஆட்டினேன். வாயைத் திறந்து சரி என்றுகூடச் சொல்லவில்லை. அதன் பிறகு மீதி இருந்த வார்த்தைகள் சப்பென்று தெரிந்தன. ‘வாய்ப்பு’ என்பதையும் எடுத்துவிட்டு நானே தட்டச்சு செய்தேன்: ‘சென்னையை மிரட்டும் அதி கனமழை: இன்று ரெட் அலர்ட்’.

வாக்குக் கொடுத்து 18 நிமிடம்தான் ஆகியிருந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. தலையை ஆட்டும்போது அவன் குரல் காதில் இருந்தது.

‘ஓரிரு இடங்களில்’ என்பதை மழைச் செய்தியில் சும்மா ஒட்டிக்கொண்டு வரும் வால் என்றுதான் நான் பல வருடம் நினைத்திருந்தேன். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தவன் இந்தத் தம்பிதான். ஒரு பகுதியில் இருக்கிற மழைமானி நிலையங்களில் கால் பங்குக்குள் பெய்தால் ஓரிரு இடங்கள். கால் பங்குக்கு மேல், பாதி வரை என்றால் ஒரு சில இடங்கள். முக்கால் பங்குக்கு மேல் போனால்தான் பெரும்பாலான இடங்கள். அதே மாதிரி கனமழை, மிக கனமழை, அதி கனமழை எல்லாம் வாய்க்கு வந்த அடைமொழிகள் இல்லை. 24 மணி நேரத்தில் சுமார் 7 செ.மீ. தொட்டால் கனமழை, 12 தொட்டால் மிக கனமழை, 20ஐத் தாண்டினால் அதி கனமழை. வானிலை மையம் நான்கு மாவட்டத்துக்கும் சொன்னது, இவற்றில் எங்கோ ஓரிரு இடத்தில் 20 செ.மீ.க்கு மேல் போகலாம் என்பது. நான் அச்சடித்தது சென்னை முழுவதும் கொட்டப்போகிறது என்பது. இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். தெரிந்து செய்ததுதான் உறுத்துகிறது.

மறுநாள் 16ஆம் தேதி. விடிந்து, மதியமாகி, சாயங்காலமும் ஆனது. தூறல், மேகம், நடுவில் கொஞ்சம் வெளிச்சம். மழைக் கூட்டம் வடக்கே ஒதுங்கிவிட்டது. தாழ்வு மண்டலம் 17ஆம் தேதி அதிகாலை சென்னைக்கு வடக்கே பெரிதாக ஒன்றும் செய்யாமல் கரையைக் கடந்தது. அன்று காலை 8.30க்கு அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. அவன் வீட்டு மொட்டைமாடி மழைமானியின் அளவுக் குடுவை. அடியில் விரல் நுனி நனைகிற அளவுக்குத் தண்ணீர். கீழே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

அவன் வங்கியில் வேலை பார்க்கிறவன். பத்து வருடமாகத் தினமும் காலை 8.30க்கு மாடிக்குப் போய்க் குடுவையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, தண்ணீரின் வளைவு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துக் கோடு போட்ட நோட்டில் எழுதுகிறவன். மழை பெய்யாத நாளிலும் போவான், பூஜ்யம் என்று எழுதுவான். 2015 டிசம்பர் 1ஆம் தேதி தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பெய்த அந்த நாள்தான் அவனை இதற்குள் இழுத்ததாம். அவன் வீட்டுக் கீழ்த்தளம் அப்போது மூழ்கியது. எவ்வளவு பெய்கிறது என்றே தெரியாமல் ராத்திரி முழுக்க மாடிப்படியில் உட்கார்ந்திருந்ததாக ஒரு முறை சொன்னான்.

படம் வந்த 17ஆம் தேதி சாயங்காலம் நானே கூப்பிட்டேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் குரலை உயர்த்தவே இல்லை.

“நீங்க பொய் எழுதலண்ணா. பொய்யா இருந்தா மறுப்பு போடச் சொல்லியிருப்பேன். இதுல நான் என்னத்தக் கேக்கறது?”

“ரெட் அலர்ட் நாங்க கொடுத்ததில்லையே, அரசாங்கமே கொடுத்ததுதானே” என்றேன்.

“அவங்க கொடுத்ததுல நாலு வார்த்தை கூட இருந்துச்சு.”

“வந்திருந்தா? வராதுன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?”

“தெரியாதுண்ணா. அதனாலதானே ‘ஓரிரு இடங்களில்’னு போடச் சொன்னேன்.”

இதற்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. பிறகு பஸ்ஸில், குளிக்கும்போது, பக்கம் முடித்துவிட்டு டீ குடிக்கும்போது எத்தனையோ பதில் தோன்றியது. எல்லாம் அவனிடம் சொல்லாத பதில்கள்.

முக்கியமானது காயல்பட்டினம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. நாங்கள் எல்லோரும் பள்ளிக்கரணை, முடிச்சூர் தண்ணீரையும் எண்ணூர் எண்ணெய்க் கசிவையுமே எழுதிக்கொண்டிருந்தோம். தென் மாவட்டங்களுக்குக் கனமழை எச்சரிக்கை வந்தது. உள்பக்கத்தில் ஒற்றைப் பத்திச் செய்தி. தலைப்பு என்னுடையது: ‘தென் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கனமழைக்கு வாய்ப்பு’. ஒரு சொல்லைக்கூட நான் தொடவில்லை, விதிப்படி எல்லாம் சரி. 17ஆம் தேதி காலையிலிருந்து 18ஆம் தேதி காலைக்குள் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. கொட்டியது. தமிழ்நாட்டின் மூன்று மாதப் பருவமழைச் சராசரியே 44 செ.மீ.தான். திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், ஏறக்குறைய 800 பேர் நாலாபுறமும் வெள்ளத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள்.

அந்த ஓரிரு இடத்திலும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். அதை நினைத்துத்தான் அடுத்த அக்டோபரில் தலையை ஆட்டினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சில நாள் நம்பவும் செய்கிறேன். ஆனால் 11.38க்கு நான் காயல்பட்டினத்தை நினைத்தேனா? மூன்றாவது வரியை நினைத்தேன். எழுத்து பெரிதாக வருமே என்று நினைத்தேன். பெட்டிக்கடையில் தொங்கும் போஸ்டரை நினைத்தேன். காயல்பட்டினம் மறுநாள்தான் வந்தது, மழை வராதபோது.

வானிலை ஆர்வலர்களுக்கு எங்கள் மேல் இருக்கிற கோபம் மழை பொய்த்ததால் வருவதில்லை. அவர்களுக்கும் எத்தனையோ தடவை பொய்த்திருக்கிறது. பொய்த்தால் மறுநாளே ஏன் பொய்த்தது என்று ரேடார் படத்தோடு பக்கம் பக்கமாக எழுதுவார்கள். வறண்ட காற்று உள்ளே புகுந்தது, காற்றுக் குவிதல் வடக்கே போனது என்று தங்கள் தவறைத் தாங்களே பிரித்துப்போடுவார்கள். நாங்கள் செய்வது வேறு. பத்து நாள் தள்ளி ஏதோ ஒரு மாடல் ஒரே ஒரு ரன்னில் பெரிய சுழியைக் காட்டினால், அதை ‘தமிழகத்தை நோக்கி வரும் அடுத்த புயல்’ ஆக்கிவிடுகிறோம். அடுத்த ரன்னில் சுழி காணாமல் போயிருக்கும், செய்தி போயிருக்காது. புயலுக்குப் பெயர் வைப்பது காற்று மணிக்கு 62 கி.மீ. தொட்ட பிறகுதான். நாங்கள் தாழ்வுப் பகுதிக்கே பெயரைச் சூட்டிவிடுகிறோம். இதில் எல்லாம் அவர்கள் சொல்வது சரி, வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை.

மாடல் கணிப்பு வரும் நேரமும் எங்களுக்கு எதிரானதுதான். மாலை 5.30 நிலவரத்தை வைத்து ஓடுகிற ஐரோப்பிய மாடலின் கணிப்பு நள்ளிரவை ஒட்டித்தான் முழுசாக வரும். எங்கள் பக்கம் அதற்குள் அச்சுக்குப் போயிருக்கும். அவன் கேட்ட அரை மணி நேரம் அதுதான். கொடுத்திருந்தால் வண்டி தாமதமாகும், ஏஜென்ட் கத்துவார், காலையில் மேலே இருப்பவரிடம் பதில் சொல்ல வேண்டும். என்னால் கொடுக்க முடியாத அரை மணி நேரம். ஆனால் ‘ஓரிரு இடங்களில்’ என்று போட அரை மணி நேரம் தேவைப்படவில்லையே.

எங்கள் ஆபீஸ் தெருமுனையில் ஒரு அக்கா இட்லிக் கடை போட்டிருக்கிறார். 17ஆம் தேதி ராத்திரி சாப்பிடப் போனபோது இட்லி இல்லை, தோசை மட்டும்தான், அதுவும் கொஞ்சமாக. என்னக்கா என்றேன். “ரெண்டு நாளா மாவே அரைக்கல சார். டீக்கடையில பேப்பர் போஸ்டர் தொங்குச்சு, பாத்தேன். அரைச்சு வச்சு மழையில யார் வருவா? கரன்ட் போனா மாவும் புளிச்சிடும்.” இரண்டு நாள் வியாபாரம். நான் எழுதியது என்று அவருக்குத் தெரியாது. சொல்லவும் இல்லை. காசு கொடுத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தேன். அவரே சொன்னார்: “பரவால்ல சார். மிக்ஜாம்ல கிரைண்டர் முங்கிப் போச்சு. இந்தத் தடவ முன்னாடியே தூக்கிப் பரண்ல வச்சுட்டேன். வராம போனா நல்லதுதானே.”

இதைத் தம்பியிடம் சொல்ல நினைத்தேன். பார், அந்த அக்காவுக்கு என் தலைப்பு உதவியது என்று. சொல்லவில்லை. அவன் என்ன கேட்பான் என்று தெரியும்: அடுத்த தடவையும் கிரைண்டரைத் தூக்கி வைப்பாங்களாண்ணா?

நவம்பரில் ஃபெஞ்சல் வந்தது. புயலாக மாறியது 29ஆம் தேதிதான், ஆனால் அதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே எல்லோரும் பெயரை எழுத ஆரம்பித்துவிட்டோம். புயல் ஆகுமா, தாழ்வு மண்டலமாகவே கரை ஏறுமா என்று வானிலை மையமே மாற்றி மாற்றிச் சொன்ன நாட்கள் அவை. நான் இந்த முறை பிடிவாதமாக இருந்தேன். ‘ஓரிரு இடங்களில்’ என்பதைத் தலைப்பிலேயே வைத்தேன், எழுத்து சின்னதானாலும் பரவாயில்லை என்றேன். 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. ‘புயல் கரையைக் கடந்தது’ என்று நிம்மதியாகப் பக்கத்தை முடித்தேன். அதற்கு அடுத்த 24 மணி நேரத்தில் கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 செ.மீ. பெய்தது. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் ஒரு வீட்டின் மேல் மண் விழுந்து ஏழு பேர் போனார்கள்.

எங்கள் முதல் பக்கத்தில் அதற்கு முன்னால் ஊத்தங்கரை என்ற பெயரே வந்ததில்லை. உரக்கக் கத்தினாலும் சென்னைக்குத்தான், அடக்கி வாசித்தாலும் சென்னைக்குத்தான் என்று அன்றைக்குத் தோன்றியது. ஒரு சொல்லை வைத்தோமா எடுத்தோமா என்று நான் மாதக்கணக்கில் மருகிக்கொண்டிருந்தது வேறு எதையோ பார்க்காமல் இருப்பதற்காகவோ என்றும் தோன்றியது. எனக்கே இன்னும் பிடிபடவில்லை.

தம்பி அக்டோபரோடு எங்களுக்குக் கருத்துச் சொல்வதை நிறுத்திக்கொண்டான். “என் பேர் வேண்டாம்ணா. யார் மேலயும் கோபம் இல்ல. காலையில அளவு மட்டும் அனுப்பறேன், பிடிச்சா போடுங்க” என்றான். அப்படியே அனுப்புகிறான். தினமும் 8.30 தாண்டி இரண்டு மூன்று நிமிடத்தில் ஒரு எண் வரும், மழை இல்லாவிட்டால் பூஜ்யம். அதை நான்காம் பக்கத்தில் கீழே ஒரு சின்னக் கட்டமாகப் போடுகிறோம். விளம்பரம் அதிகம் வந்து இடம் போதாத நாளில் முதலில் தூக்கப்படுவது அந்தக் கட்டம்தான். போன வாரம் இரண்டு நாள் தூக்கினோம். பக்கம் போடுகிறவர் கேட்டார், நான்தான் தலையை ஆட்டினேன்.