சிசிலி ஸ்டாம்ப் ஒரிஜினலா, முத்திரை ஒரிஜினலா? பலேர்மோல நான் பட்ட பாடு

பழைய சிசிலி ஸ்டாம்ப் கையில கிடைச்சா முதல்ல கடைக்கு எடுத்துட்டு ஓடாதீங்க, இதை சொல்லத்தான் எழுதுறேன். இன்னும் எனக்கு மனசு ஆறல.

நான் இத்தாலியில சிசிலித் தீவோட தலைநகர் பலேர்மோல வாடகைக்கு இருக்குற வீட்டு ஓனர் அம்மாவுக்கு எழுபது தாண்டிடுச்சு. அவங்க வீட்டுக்காரர் விட்டுட்டுப் போன ஆல்பத்துல 1859ல வந்த சிசிலி ஸ்டாம்ப் ஒரு பக்கம் நிறைய இருந்துச்சு, அப்போ சிசிலியை ஆண்ட ரெண்டாம் ஃபெர்டினாண்டோ ராஜா தலை போட்டது. பிள்ளைங்க வெளியூர்ல. "நீ ஸ்டாம்ப் சேக்குறவன்தானே, என்ன விலைக்குப் போகும்னு விசாரிச்சு சொல்லுப்பா"ன்னு என்கிட்ட குடுத்தாங்க.

முதல்ல போன கடையில அந்த ஆளு ஸ்டாம்பை கவரை விட்டு வெளிய கூட எடுக்கல, லென்ஸ் வைக்கல, ஒரு பார்வை பாத்துட்டு எல்லாமே போலின்னு சொன்னாரு. சரின்னு ஆல்பத்தை மூடினா, "பரவால்ல, மொத்தமா நானே எடுத்துக்குறேன்"னு ஒரு சின்ன தொகை சொல்றாரு. போலின்னா உனக்கு எதுக்குய்யா அது? அந்தம்மா தனியா போயிருந்தா அன்னிக்கே குடுத்துட்டு வந்திருப்பாங்க, அதை நினைச்சாதான் வயிறு எரியுது.

வீட்டுக்கு வந்து நானே லென்ஸ் வச்சு உக்காந்தேன். இந்த ஸ்டாம்ப்புக்கு தகடு செதுக்குனது மெஸ்ஸினாக்காரர் தொம்மாசோ அலோய்சியோ ஜுவாரா. செதுக்கின தகட்டுல அடிச்சதால மை காகிதத்துக்கு மேல மேடு தட்டி நிக்கும், விளக்கை பக்கவாட்டுல பிடிச்சா ராஜாவோட தாடி முடி ஒவ்வொண்ணும் தனித்தனியா நிழல் விழும். கல்லச்சுல அடிச்ச போலியில அந்த மேடு இருக்காது, தாடி தட்டையா கரும்புள்ளி மாதிரி கிடக்கும். அம்மாவோட ஸ்டாம்ப்ல மேடு அவ்வளவு சுத்தமா தெரிஞ்சுது. அதோட தகட்டுல ஒவ்வொரு இடத்துக்கும் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும், பொறுமை இருந்தா எந்தத் தகடு, எத்தனாவது இடம்னே படத்தோட ஒப்பிட்டு கண்டுபிடிக்கலாம். ஒரு 2 கிரானா (கிரானாங்கிறது அப்போ அங்க இருந்த காசு) ஸ்டாம்ப்புக்கு இடம் பொருந்தினப்போ எனக்கு வந்த சந்தோஷத்தை சொல்ல முடியாது.

ஆனா ஸ்டாம்ப் நிஜம்னா மட்டும் போதாது, தபால்ல போனதுக்கு அடையாளமா அது மேல குத்துற முத்திரையும் நிஜமா இருக்கணும், இதுலதான் நிறைய பேர் மாட்டுறாங்க. ராஜா முகத்துல மை படக்கூடாதுன்னு சிசிலிக்குன்னே குதிரை லாட வடிவத்துல ஒரு முத்திரை செஞ்சாங்க. இந்த ஸ்டாம்ப் ஒண்ணரை வருஷம் கூட சரியா ஓடல, 1860 மே மாசம் இத்தாலியை ஒண்ணு சேக்கப் போராடின கரிபால்டி படையோட பலேர்மோக்குள்ள வந்துட்டாரு, அங்க ராஜா ஆட்சி போயிடுச்சு. அதனால பெரிய மதிப்பு ஸ்டாம்ப் உண்மையா தபால்ல போனது ரொம்ப கம்மி, 50 கிரானால புதுசை விட பயன்படுத்தினதுக்குத்தான் விலை பல மடங்கு. அப்புறம் என்ன, புது ஸ்டாம்ப் மேல பொய் லாடத்தை அடிச்சு வித்திருக்காங்க.

நிபுணர்கிட்ட சர்டிஃபிகேட் வாங்கலாம்னா ஆகஸ்ட் மாசம், ஊரே லீவு. செப்டம்பர்ல போன் பண்ணி என்னென்ன கொண்டு வரணும்னு கேட்டேன், "ஸ்டாம்ப் போதும்"னாங்க. ராத்திரி ரயில் பிடிச்சு, மெஸ்ஸினால ரயிலையே கப்பல்ல ஏத்தி அக்கரை கொண்டு போவாங்களே அதுல தூங்காம கொள்ளாம ரோம் போய் இறங்கினா, நிபுணர் ஆபீஸ் கவுன்டர்ல இருந்தவங்க "ஓனர் நீங்க இல்லையே, டெலேகா எங்க?"ன்னு கேக்குறாங்க. ஓனர் கையெழுத்து போட்ட அதிகாரக் கடிதம், கூடவே அவங்க அடையாள அட்டை நகல். போன்ல ஏன் சொல்லலன்னு கேட்டா பதிலே இல்ல. போனில் வாட்ஸ்அப்ல வாங்கித் தரேன்னேன், அதுவும் ஆகாதாம். வெறுங்கையோட திரும்பி வந்தேன். அடுத்தவங்க பொருளை எடுத்துட்டுப் போறவங்க டெலேகா இல்லாம வாசப்படி தாண்டாதீங்க, எதெது வேணும்னு ஈமெயில்லயே எழுதி வாங்கிடுங்க. பொருளை கையில குடுத்துட்டு வரும்போது ரசீதுல ஒவ்வொரு ஸ்டாம்ப்பும் போட்டோவோட இருக்கான்னு பாருங்க.

அடுத்த தடவை எல்லாம் ஒழுங்கா முடிஞ்சுது. ரிசல்ட்டு: சின்ன மதிப்பு எல்லாம் நிஜம். 50 கிரானா ஸ்டாம்ப் நிஜம், லாடம் பொய். அந்தப் பொய் முத்திரையால அது புது ஸ்டாம்ப் விலைக்குக் கூட போகாது. அம்மா முகம் கொஞ்சம் வாடிருச்சு.

அவங்க பையன் வேற போன்ல நீல ஸ்டாம்ப் இருக்கான்னு கேட்டுட்டே இருந்தாரு, ஏன்னா ஆரஞ்சு நிறத்துல வரவேண்டிய அரை கிரானா தப்பா நீலத்துல அச்சானது ஒண்ணு 2011ல சுவிட்சர்லாந்து பாசல் ஊர் ஏலத்துல 18 லட்சம் யூரோவுக்குப் போச்சு. ஆல்பத்துல இருந்த நீலமெல்லாம் 2 கிரானாதான், அது நீலத்துலயேதான் வந்தது. எண்ணைப் படிங்க, நிறத்தைப் பாத்து ஏமாறாதீங்க.

ஆனா ஆல்பத்துக்குக் கடைசியில மடிச்சு வச்சிருந்த கடுதாசி ஒண்ணு, அந்தக் கடைக்காரர் பிரிச்சுக் கூட பாக்காதது, 1859 தேதி, நாலு பக்கமும் ஓரம் முழுசா இருக்குற 2 கிரானா, லாடம் கோணலா விழுந்திருக்கு, உள்ள எலுமிச்சைப் பெட்டிக் கணக்கு. நிபுணர் அதுக்குத்தான் முழு சர்டிஃபிகேட்டே எழுதிக் குடுத்தாரு. கடுதாசியோட இருந்தா தயவுசெஞ்சு தண்ணியில ஊறவச்சு ஸ்டாம்பைப் பிரிக்காதீங்க, கடுதாசியோட சேந்ததுதான் அதோட மதிப்பு. சஸ்ஸோனேங்கிற இத்தாலிய ஸ்டாம்ப் விலைப்பட்டியல் கேட்லாக்ல போட்டிருக்குற விலை குறையில்லாத பொருளுக்கு, நிஜத்துல ஏலத்துல அதுல ஒரு பங்குதான் கிடைக்கும், ஓரம் வெட்டுப்பட்டிருந்தா இன்னும் சரியும்.

போன வாரம் அந்தக் கடைக்காரர் அம்மாவுக்கே போன் போட்டு முன்ன சொன்னதை விட கூட்டித் தரேன்னாராம். சர்டிஃபிகேட் நம்பரை நிதானமா படிச்சுக் காட்டிட்டு போனை வச்சுட்டாங்களாம்.