உப்புவெளி வீட்டுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி

மாமியின் 21 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டியில், 2024 புரட்டாதி மாதத்தில் ஒரு மாலை, செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே படம் முழுவதும் நடுவில் ஒரு வெள்ளைக் கோடாகச் சுருங்கி நின்றுவிட்டது. ஒலி மட்டும் குறையில்லாமல் வந்துகொண்டிருந்தது. திருத்துபவர் வந்து பின்மூடியைக் கழற்றிப் பார்த்து, படத்தை மேலும் கீழுமாக விரிக்கும் பகுதி பழுதாகிவிட்டது என்றும், அதை மாற்றினாலும் படக்குழாய் மங்கிவிட்டதால் செலவழிக்கும் காசுக்குப் பலன் இராது என்றும் சொன்னார். மாமி இரண்டு நாட்கள் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே செய்தி கேட்டார். மூன்றாம் நாள் காலை, "பிள்ளை, புதுசா ஒண்டு பாப்பம்" என்றார். என் கணவர் முறை வேலைக்குப் போகிறவர். ஆகவே பார்ப்பதும் விசாரிப்பதும் என் பொறுப்பாயின.

நான் நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவள். கணவரின் குடும்பம் 1990 இல் படகேறித் தமிழ்நாட்டுக்கு வந்து முகாமில் வாழ்ந்த குடும்பம். மாமி முதலில் ஊர் திரும்ப, நாங்கள் பிள்ளைகளோடு 2023 இன் தொடக்கத்தில் திருகோணமலையை ஒட்டிய உப்புவெளிக்கு வந்தோம். கணவருக்கு இது திரும்பி வந்த ஊர். எனக்கோ, மொழி ஒன்றாக இருந்தும், ஒவ்வொரு பொருளையும் புதிதாகக் கேட்டு அறிய வேண்டிய வேறொரு நாடு. நாற்காலி இங்கே கதிரை. வேர்க்கடலை இங்கே கச்சான். ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து வெக்கையோடு வீசும் காற்றுக்கும் கச்சான் என்றே பெயர். நான் டிவி என்று சொல்வதை மாமியும் அயலவரும் ரீவி என்கிறார்கள். கடை வாசலில் "20 வீதம் கழிவு" என்று எழுதியிருந்ததை முதன்முறை பார்த்தபோது, அது பழுதான சரக்கை விற்கும் இடம் என்று நினைத்து நடந்துவிட்டேன். கழிவு என்றால் இங்கே தள்ளுபடி.

எங்கள் கையில் இருந்தது ஒரு இலட்சம் ரூபா. அதில் பெரும்பகுதி நான் தையல் தைத்துச் சீட்டுக் கட்டிச் சேர்த்தது. முதல் யோசனை நாகப்பட்டினத்திலிருந்து என் அண்ணன் சொன்னது: யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குப் போகும் கப்பல் ஆகஸ்ட் மாதம் மறுபடியும் ஓடத் தொடங்கிவிட்டது, இங்கேயே வாங்கிக் கப்பலில் அனுப்புகிறேன் என்றார். ஒரு இந்திய ரூபாய்க்கு இலங்கைப் பணம் ஏறத்தாழ மூன்றரை ரூபா என்று கணக்குப் போட்டால் அங்கே விலை குறைவுதான். மின்னழுத்தமும் இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்பதால் பெட்டி வேலை செய்யும். ஆனால் சுங்கத்தில் கட்ட வேண்டிய வரி ஒருபுறம். காங்கேசன்துறையிலிருந்து பேருந்தில் அட்டைப் பெட்டியைப் படுக்க வைத்துக் கொண்டுவந்தால் மெல்லிய திரை வெடிக்கும் ஆபத்து மறுபுறம். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தியாவில் கொடுக்கும் உத்தரவாதம் இங்கே செல்லாது. பழுதானால் திரையைத் தூக்கிக்கொண்டு கடல் கடக்க முடியாது. அண்ணனின் அன்பை ஏற்றுக்கொண்டு, யோசனையை விட்டுவிட்டேன்.

கடைக்குப் போகுமுன் வீட்டை அளந்தேன். கடையில் வரிசையாக ஒளிரும் திரைகளுக்கு முன்னால் நிற்கும்போது பெரியதும் பளிச்சென்று இருப்பதும்தான் நல்லதாகத் தோன்றும். ஆகவே எந்தப் பெட்டி நமக்குப் பொருந்தும் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போக வேண்டும் என்று எண்ணினேன். எங்கள் முன்னறை 14 அடி நீளமும் 11 அடி அகலமும் கொண்டது. கிழக்கே கடல் பக்கம் ஒரு பெரிய யன்னல் இருப்பதால் மேற்குச் சுவரில் வைத்தால் காலை முழுவதும் யன்னல் திரையில் தெரியும். கிழக்குச் சுவரில் வைத்தால் பின்னாலிருந்து வரும் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்யும். வடக்குச் சுவர் ஒன்றே மிஞ்சியது. அங்கிருந்து எதிரே நாங்கள் இருக்கும் கதிரைகளுக்கு எட்டடி. மாமியின் சாய்மனைக் கதிரையோ யன்னலோரம், காற்றுப்படும் இடத்தில் இருக்கிறது. முழங்கால் வலியால் அவர் அதை விட்டு நகர்வதில்லை. நகரச் சொல்வதும் முறையல்ல. அவர் திரையை நேராக அல்ல, பக்கவாட்டில், ஏறத்தாழ 50 பாகை சாய்விலிருந்து பார்க்கிறார். வீட்டில் மிக அதிக நேரம் தொலைக்காட்சி பார்ப்பவரும் அவரே. அந்தக் கதிரையிலிருந்து தெரிவதே எனக்கு அளவுகோலானது.

அங்குலக் கணக்கு திரையின் மூலைவிட்டத்தைக் குறிப்பது. 32 அங்குலத் திரை 71 சென்ரிமீற்றர் அகலம். 43 அங்குலத் திரை 95 சென்ரிமீற்றர். 55 அங்குலம் என்றால் 122 சென்ரிமீற்றர். பழைய செய்தித்தாள்களை இந்த அளவுகளுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டிவிட்டு மாமியிடம் கேட்டேன். எட்டடித் தூரத்தில் 32 சிறியதாகப் பட்டது; 55 அந்த அறைக்குச் சுமையாக நின்றது. கண்புரையின் தொடக்கம் இருப்பதால் மாமிக்குத் திரையின் அடியில் ஓடும் எழுத்துகள் பெரிதாக வேண்டும். 43 என்று அன்றே முடிவாயிற்று.

அடுத்தது திரையின் நுணுக்கம். இதில்தான் கடைகள் நம்மிடம் அதிகப் பணம் கேட்கின்றன. முழு எச்.டி. என்பது 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும். 4கே என்பது 3840 அகலமும் 2160 உயரமும். ஆனால் எங்கள் கூரையில் இருக்கும் டிஷ்ஷின் பழைய பெட்டி அனுப்பும் படத்தில் 576 வரிகள்தான் உண்டு. அதுவும் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயர்களின் வழியாகவே வெளியே வருகிறது. 576 வரிகளை 2160 வரிகளுக்கு இழுத்து விரித்தால் புதிதாக ஒரு மயிரிழையும் தெரியப் போவதில்லை. மலிவான பெட்டிகளில் அது இன்னும் கலங்கித்தான் தெரியும். நல்ல இணைய இணைப்பும் அதற்கேற்ற படங்களும் உள்ள வீட்டுக்கு 4கே பொருந்தலாம். சக்தி, வசந்தம் அலைவரிசைகளை டிஷ் வழியாகப் பார்க்கும் வீட்டுக்கு முழு எச்.டி. தாராளம். புதிய பெட்டிகள் சிலவற்றில் அந்த மூன்று நிறத் துளைகள் இல்லை என்பதையும், சிலவற்றில் தனியாக ஒரு சிறு இணைப்பு வயர் வேண்டும் என்பதையும் முதற்கடையிலேயே கண்டுகொண்டேன். பழைய டிஷ் பெட்டி வைத்திருப்பவர்கள் பணத்தை எடுக்குமுன் திரையின் பின்பக்கத்தைப் பார்த்துவிட வேண்டும்.

மத்திய வீதியிலும் என்.சி. வீதியிலுமாக ஐந்து கடைகள் ஏறி இறங்கினேன். சாம்சங், எல்.ஜி., சோனி மூன்றும் நான் கேட்ட அளவில் எங்கள் காசுக்கு எட்டவில்லை. 2022 நெருக்கடியில் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியதையும், 2024 தொடக்கத்தில் பெறுமதி சேர் வரி 18 வீதமானதையும் நினைத்துப் பார்த்தால் அந்த விலைகள் வியப்பில்லை. "உந்தக் காசுக்கு முந்தி ரெண்டு ரீவி வாங்கியிருக்கலாம்" என்று மாமியின் தங்கை சொன்னபோது அதில் மிகை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கடைகளில் எந்தப் பெட்டியைக் காட்டினாலும் "இது எல்.ஈ.டி. அக்கா" என்றார்கள். எல்.ஈ.டி. என்பது திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு மட்டுமே; முன்னால் இருப்பது திரவப் படிகத் திரை. அந்தத் திரையில் பரவலாக இரண்டு வகை உண்டு. வி.ஏ. என்ற வகையில் கருமை ஆழமாக இருக்கும்; இருண்ட அறையில் படம் பார்க்க அது சிறந்தது; ஆனால் பக்கவாட்டில் நகர்ந்தால் நிறம் வெளிறிவிடும். ஐ.பி.எஸ். என்ற வகையில் கருமை சற்றுச் சாம்பலாகத் தெரியும். பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாது. எங்கள் அறை பகலில் வெளிச்சமானது, இரவிலும் விளக்கு எரியும். மாமியோ பக்கத்தில் இருக்கிறார். எங்களுக்கு வேண்டியது எது என்பதில் ஐயமே இல்லை. ஆனால் எந்தப் பெட்டியின் அட்டையிலும் அந்த விவரம் இல்லை.

ஆகவே நானே சோதித்தேன். ஒரு பென் டிரைவில் முழுக் கறுப்புப் படம் ஒன்று, முழுச் சாம்பல் படம் ஒன்று, நாகப்பட்டினத்து வீட்டு வாசலில் என் அம்மா நிற்கும் படம் ஒன்று ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு போனேன். கடைகளில் திரையைக் கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தில் வைத்திருப்பார்கள். முதலில் அதைச் சாதாரண நிலைக்கு மாற்றச் சொன்னேன். கறுப்புப் படத்தில் மூலைகளில் வெளிச்சம் கசிகிறதா என்றும், சாம்பல் படத்தில் அழுக்குத் திட்டுகள் தெரிகின்றனவா என்றும் பார்த்தேன். பிறகு அம்மாவின் படத்தைப் போட்டுவிட்டு, மாமியின் கதிரை இருக்கும் சாய்வுக்கு நடந்து போய் நின்று பார்த்தேன். ஒரு பெட்டியில் அம்மாவின் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்தது. இன்னொன்றில், 98,500 ரூபா விலையுள்ள முழு எச்.டி. பெட்டியில், அது அம்மாவின் முகமாகவே இருந்தது. எங்கள் அம்மா வீட்டில் 2006 தேர்தலுக்குப் பின் அரசு கொடுத்த 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சி இருந்தது. அதை யாரும் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு திரையை இத்தனை கேள்வி கேட்டு நான் வாங்கியது இதுவே முதல் முறை.

மின்சாரக் கணக்கையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே அது பெட்டியின் விலைக்கு இணையான விடயம். வீட்டுப் பாவனைக்கான கட்டணம் படிப்படியாக அமைந்தது. மாதப் பாவனை 60 அலகைத் தாண்டினால் தாண்டிய அலகுக்கு மட்டுமல்ல, முதல் அலகிலிருந்தே விலை உயர்கிறது. நிலையான கட்டணமும் கூடுகிறது. எங்கள் மாத மின்கட்டணப் பட்டியல் 54க்கும் 57க்கும் இடையில் நிற்கும். பழைய பெட்டி ஏறத்தாழ 80 வாற்று. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் என்றால் மாதம் 12 அலகு. நான் பார்த்து வைத்த 43 அங்குலப் பெட்டியின் பின்னால் 75 வாற்று என்றிருந்தது. அதாவது மாதம் 11 அலகு சொச்சம். இரண்டு மடங்கு அகலமான திரை பழையதைவிடக் குறைவாகவே மின்சாரம் எடுக்கும் என்று அறிந்தபோது மனம் லேசானது. 130 வாற்று எடுக்கும் 55 அங்குலப் பெட்டியை வாங்கியிருந்தால் மாதம் 19 அலகுக்கு மேல் போய், 60 என்ற வரம்பைத் தாண்டியிருப்போம்.

பணம் கட்டும் இடத்தில் ஒரு மனவருத்தம் நேர்ந்தது. வேறொரு கடையில் தவணைமுறை உண்டா என்று நான் கேட்டபோது, தேசிய அடையாள அட்டையும் இரண்டு பிணையாளரும் வேண்டும் என்றார்கள். என்னிடம் இருப்பது வதிவிட விசா பதித்த இந்தியக் கடவுச்சீட்டு என்றதும், முழுப் பணமும் கையில் இருந்தாலும் உத்தரவாத அட்டையில் என் பெயரை எழுத முடியாது என்றார்கள். அப்படி ஒரு விதி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நான் வாதாடாமல் வெளியே வந்துவிட்டேன். இறுதியாக வாங்கிய கடையில் வயதான முதலாளி என்னிடம் பெயரைக் கேட்டு, அட்டையில் எழுதி, கீழே "உப்புவெளி" என்று முகவரியையும் எழுதினார். அந்த உத்தரவாதம் கடையினுடையதா, இறக்குமதி செய்த நிறுவனத்தினுடையதா என்று கேட்டேன். நிறுவனத்தினுடையது என்று முத்திரையைக் காட்டினார்: திரைக்கும் உட்பாகத்துக்கும் இரண்டு ஆண்டுகள். தீபாவளிக் கழிவு போக 95,000 ரூபா கொடுத்தேன். மீதியில் மின்னழுத்தம் திடீரென எகிறினால் தாங்கும் ஒரு பாதுகாப்புப் பலகை வாங்கினேன்.

ஓட்டோவில் பெட்டியை நிமிர்த்திப் பிடித்தபடி கொண்டுவந்து பிரித்தபோதுதான் நான் அளக்காமல் விட்ட ஒன்று தெரிந்தது. திரையின் இரண்டு கால்களும் நடுவில் இல்லாமல் இரண்டு ஓரங்களிலும் இருந்தன; பழைய பெட்டி இருந்த மேசையின் அகலம் அவற்றுக்குப் போதவில்லை. அயலில் இருக்கும் தச்சுவேலைக்காரர் நாலடிப் பலகை ஒன்றை மேசைமேல் பூட்டித் தரும்வரை, இரண்டு நாட்கள், பெட்டி கட்டிலில் சாய்ந்திருந்தது.

கடற்காற்றைப் பற்றித் திருத்துபவர் சொன்னவற்றை அப்படியே கடைப்பிடிக்கிறேன். யன்னல் காற்று திரையின் முதுகில் நேராகப் படக்கூடாது. வயர் முனைகளில் பச்சை பூக்கிறதா என்று மாதம் ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும். அணைத்த உடனே சூட்டோடு துணி போட்டு மூடக்கூடாது. கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கியதும் மின்சார வயரோடு டிஷ் வயரையும் சேர்த்தே கழற்றிவிடுகிறோம். அதைக் கவனித்துச் சொல்வது மாமிதான். வானம் கறுத்தாலே போதும், "பிள்ளை, ரெண்டு வயரையும் கழட்டு" என்பார்.

மார்கழியில் பள்ளிக்கூட விடுமுறை வந்தது. பிள்ளைகள் காலையிலும் பார்த்தார்கள். அந்த மாதப் பட்டியலில் 63 அலகு. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அமைப்புகளுக்குள் தேடி, திரையின் பின்விளக்கை 90 இலிருந்து 50க்குக் குறைத்தேன். மாமிக்கு மங்கலாகத் தெரியுமோ என்று அஞ்சி, யன்னலோரக் கதிரைப் பக்கம் திரும்பிக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இப்பதான் கண்ணுக்குக் குளிர்மையா இருக்கு" என்றார். அடுத்த பட்டியலில் 56.