எடை தூக்கும் பார் எவ்வளவு வேகமாக ஏறியது?

ஜிம்மில் ஒருவர் எடையை ஒரு முறை தூக்கி இறக்குவது ஒரு ரெப், விடாமல் செய்யும் பல ரெப் சேர்ந்தது ஒரு செட். செட் முடிந்ததும் "கடைசி ரெப் என்ன வேகம்?" என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். பலரும் வேகத்தைச் சொல்ல மாட்டார்கள், பட்ட பாட்டைத்தான் சொல்வார்கள். மூச்சு வாங்கினால் மெதுவாகப் போன மாதிரி இருக்கும். பக்கத்தில் ஒருவர் கத்தி உசுப்பேற்றினால் பறந்த மாதிரி இருக்கும்.

பாரில் கயிற்றை மாட்டி வேகத்தை அளக்கும் கருவிக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது. ஒரே ஒரு முறை மட்டும் தூக்க முடிகிற உச்ச எடையில், பெஞ்ச் பிரஸ்ஸின் (படுத்தபடி பாரை மார்பிலிருந்து மேலே தள்ளுவது) சராசரி வேகம் நொடிக்குச் சுமார் 0.17 மீட்டர், ஸ்குவாட்டில் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) சுமார் 0.3 மீட்டர். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். ஆக, ஸ்குவாட்டில் கதை முடிகிற வேகத்தில் பெஞ்சில் இன்னும் ஓரிரு ரெப் பாக்கி இருக்கும். இரண்டுக்கும் ஒரே கண்ணளவு உதவாது.

கருவி இல்லாமல் துல்லியமான எண்ணைச் சொல்வது கஷ்டம்தான். முதல் ரெப்பைவிட இது மெதுவா என்பது ஓரளவு பிடிபடும். செட்டை எங்கே நிறுத்துவது என்பதற்கு அது போதும் என்பது என் கட்சி.

கருவி இருந்தால், நீங்கள் நினைக்கும் வேகத்தை முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள், அப்புறம் திரையைப் பாருங்கள். மாற்றிச் செய்தால் "நானும் அதைத்தான் நினைச்சேன்" என்று மனசு சமாளித்துவிடும்.