கடல் அர்ச்சின் முட்டை எவ்வளவு கெட்டி? மண்டபத்தில் அளந்த அனுபவம்

எம்.எஸ்சி. கடைசி வருட ப்ராஜெக்டுக்கு, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில், நான் எடுத்துக்கொண்டது கடல் அர்ச்சின் (உடம்பெல்லாம் முள்ளாக, பந்து மாதிரி இருக்கும் கடல் உயிர்) முட்டை. உயிருள்ள ஒரு செல் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது, கருவுற்ற பிறகு அந்தக் கெட்டித்தன்மை எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும். இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன், ஏனென்றால் முதல் இரண்டு மாதம் எனக்கு வந்த எண்களில் ஒன்றுகூட இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை.

மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா, அங்கே எதையும் எடுக்கக் கூடாது. அதனால் வடகடலில், அதாவது மண்டபத்துக்கு வடக்கே இருக்கும் பாக் விரிகுடாவில், நண்டு வலை போடுகிற ஒரு அண்ணனிடம் சொல்லி வைத்தேன். வலையில் சிக்குகிற அர்ச்சினைக் கரையில் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். "இத வச்சு என்னம்மா பண்ணப் போற?" என்றார். "முட்டை வேணும்ண்ணே" என்றேன். அடுத்த நாளிலிருந்து வெயில் ஏறுவதற்குள் கடல் தண்ணியோடு ஒரு வாளி தனியாக எடுத்து வைத்துவிடுவார். அந்த வாளி இல்லாவிட்டால் என் ப்ராஜெக்டே இல்லை.

அர்ச்சினில் ஆண் பெண் வெளியே தெரியாது. வாயைச் சுற்றியுள்ள மெல்லிய தோலில் 0.5 மோலார் பொட்டாசியம் குளோரைடு ஊசி போட்டுக் கவிழ்த்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும்: பால் மாதிரி வெள்ளையாக வந்தால் ஆண், மஞ்சளாக மணல்போல இறங்கினால் பெண். விந்து சேர்த்ததும் முட்டையைச் சுற்றி ஒரு சவ்வு இன்னொரு வட்டம் மாதிரி எழும்பும். அந்தச் சவ்வை இறுகுவதற்கு முன்பே நீக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் செல்லுக்குப் பதிலாகச் சவ்வைத்தான் அளந்துகொண்டிருப்போம்.

அளக்கும் முறை பழையது. 1954-இல் மிச்சிசன், ஸ்வான் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதே அர்ச்சின் முட்டையில் செய்து காட்டியதுதான். நுண்ணிய கண்ணாடிக் குழாயான பிப்பெட்டின் வாயை முட்டையில் ஒட்டி, பின்னால் இணைத்த தண்ணீர் மட்டத்தை மெல்ல இறக்கினால் முட்டை நாக்கு மாதிரி உள்ளே நீளும். மட்டத்தை 1 செ.மீ. இறக்கினால் இழுப்பு கிட்டத்தட்ட 98 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு). எவ்வளவு இழுத்தால் எவ்வளவு நீள்கிறது என்பதிலிருந்து கெட்டித்தன்மை வரும்.

சரி, தப்பு எங்கே நடந்தது? முதலில், இழுப்பை மாற்றாமல் அப்படியே வைத்தாலும் நாக்கு மெல்ல நீண்டுகொண்டே போகும். செல் ரப்பர் மாதிரியும் இருக்கிறது, பாகு மாதிரியும் இருக்கிறது. நான் ஒரு முட்டையை 5-ஆவது நொடியிலும் இன்னொன்றை 30-ஆவது நொடியிலும் படித்துவிட்டு இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதியிருந்தேன். அதைவிடப் பெரிய தப்பு, கருவுற்று எத்தனை நிமிடம் ஆனது என்பதைக் குறிக்கவே இல்லை. முட்டையின் மேற்பரப்புக்கு அடியில் ஆக்டின் என்ற புரத இழைகள் வலை மாதிரி பின்னியிருக்கின்றன, மயோசின் என்ற இன்னொரு புரதம் அவற்றைப் பிடித்து இழுக்கிறது, அந்த வலை நிமிடத்துக்கு நிமிடம் பிரிந்து மறுபடி பின்னப்படுகிறது. கருவுற்ற உடனே முட்டை இறுகும், அப்புறம் தளரும், ஒரு செல் இரண்டாகும் முதல் பிளவுக்குச் சற்று முன் மறுபடி நன்றாக இறுகும். இந்த மூன்று நிலை முட்டைகளையும் கலந்து சராசரி எடுத்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

நேரம் குறித்த பிறகும் ஒரு சிக்கல் இருந்தது. கரண்ட் போன நாட்களில் அறை சூடாகி, முட்டைகள் சீக்கிரமே பிளந்துவிட்டன. அதனால் நிமிடத்தை விட்டுவிட்டேன். கருவுற்றது 0, பிளவு தொடங்கி நடுவில் பள்ளம் விழுவது 1, மற்ற எல்லா அளவையும் இதற்கு நடுவில் வைத்தேன். நாக்கின் நீளத்தை எப்போதும் 10-ஆவது நொடியில் மட்டும் படித்தேன்.

அப்படி அளந்த ஒரு நாளில் முட்டை ஒன்றை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இழுப்பை நான் மாற்றவே இல்லை. 0.8 தாண்டியதும், அதுவரை நீண்டுகொண்டிருந்த நாக்கு நின்று, மெல்லப் பின்வாங்கத் தொடங்கியது. பிப்பெட்டில் கசிவோ என்று குழாய் முழுக்கத் தடவிப் பார்த்தேன், இல்லை. கண்ணை மைக்ராஸ்கோப்புக்குத் திருப்பும்போது முட்டையின் நடுவில் மெல்லிய கோடு விழ ஆரம்பித்திருந்தது.

அந்த வாரத்தில் அளந்த 11 முட்டைகளின் வரைபடக் கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து உட்கார்ந்தன.