பழைய டிஸ்க்கை அழிக்கும் வேலை வாங்கிய அன்றே தொடங்குகிறது

பழைய லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கிறவரும் சரி, ரிச்சி தெருவில் கொண்டுபோய் விற்கிறவரும் சரி, கடைசி அரை மணி நேரத்தில் செய்வது ஒன்றுதான். முக்கியமான ஃபைல்களை டெலிட் செய்வார்கள், ரீசைக்கிள் பின்னைக் காலி செய்வார்கள். கொஞ்சம் கவலைப்படுகிறவர்கள் ஒரு குயிக் பார்மட்டும் போடுவார்கள். இந்த மூன்றில் எதுவும் தரவை அழிப்பதில்லை.

ஹார்ட் டிஸ்க்கில் டெலிட் கொடுத்தால் விண்டோஸ் தன் பதிவேட்டில் 'இந்த இடம் காலி' என்று குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். பட்டாவில் பெயரை அடித்துவிட்டால் நிலத்தில் நிற்கிற தென்னை விழுந்துவிடாது. குயிக் பார்மட் அந்தப் பதிவேட்டைப் புதிதாக எழுதும். தரவு கிடக்கிற இடத்தில் கையே வைக்காது. போட்டோரெக் போன்ற இலவச மென்பொருள் பதிவேட்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. டிஸ்க்கை முதல் செக்டரிலிருந்து படித்துக்கொண்டே போய், ஜேபெக் படம், பிடிஎஃப் என ஒவ்வொரு வகை ஃபைலும் தொடங்குகிற அடையாள பைட்டுகளைத் தேடிப் பிடித்து வெளியே எடுக்கும். ஃபைலின் பெயர் போயிருக்கும், உள்ளே இருந்த படம் வந்துவிடும். இதற்குத் தடயவியல் ஆய்வகம் ஒன்றும் வேண்டாம். ஒரு யுஎஸ்பி கேபிளும் பொறுமையும் போதும்.

நம் வீட்டுக் கணினிகளின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் என்ன கிடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இ-ஆதார் பிடிஎஃப் நிச்சயம் இருக்கும். 'அதற்குத்தான் பாஸ்வேர்டு இருக்கிறதே' என்பார்கள். அந்த பாஸ்வேர்டு பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும். அதே ஃபோல்டரில் ஒரு பயோடேட்டாவும் கிடந்தால் பூட்டுக்குப் பக்கத்திலேயே சாவி.

சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கு வழி சுலபம். விஸ்டா காலத்திலிருந்து, பார்மட் பெட்டியில் 'குயிக் பார்மட்' டிக்கை எடுத்துவிட்டால் அந்த டிரைவ் முழுக்க விண்டோஸ் பூஜ்யம் எழுதும். எக்ஸ்பியில் முழு பார்மட்டும் பழுதான செக்டர்களைத் தேடியதோடு சரி. சி டிரைவை, அதிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸால் இப்படி அழிக்க முடியாது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி, விண்டோஸோடு வரும் டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியில் 'கிளீன் ஆல்' கொடுக்க வேண்டும். வெறும் 'கிளீன்' கொடுத்தால் பார்ட்டிஷன் விவரம் மட்டும்தான் போகும். அந்தக் கட்டளை 'நிச்சயமா?' என்று ஒரு வார்த்தை கேட்காது, ஆகவே தேர்ந்தெடுத்த டிஸ்க் எண் சரிதானா என்று அதன் கொள்ளளவை வைத்து இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 100 முதல் 150 மெகாபைட் எழுதும் 1 டெராபைட் டிஸ்க்குக்கு 2 முதல் 3 மணி நேரம் ஆகும்.

ஒருமுறை போதுமா? போதும். '35 முறை மேலெழுத வேண்டும்' என்பது 1996இல் பீட்டர் குட்மன் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்தது. அந்த 35 வடிவங்களும் அன்று புழக்கத்தில் இருந்த பல வகை டிஸ்க்குகளுக்குமாகச் சேர்த்துத் தொகுத்தவை. எந்த ஒரு டிஸ்க்குக்கும் மொத்தமும் தேவையில்லை என்று அவரே பிறகு எழுதிவிட்டார். காசு வாங்கும் 'ஷ்ரெடர்' மென்பொருள்கள் இன்றும் இந்த எண்ணைக் காட்டித்தான் பிழைக்கின்றன. 1 டெராபைட்டில் 35 சுற்று ஓட்டினால் மூன்று, நான்கு நாள் மின்சாரம் வீண்.

சுழலும் தட்டு இல்லாமல் ஃபிளாஷ் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் கதை வேறு. ஃபிளாஷ் சிப்பில் எழுதிய பக்கத்தின் மேலேயே மறுபடி எழுத முடியாது. பல பக்கங்கள் சேர்ந்த ஒரு பிளாக்கை மொத்தமாக அழித்த பிறகுதான் எழுத முடியும். பிளாக்குகளுக்கு ஆயுளும் குறைவு. அதனால் எஸ்எஸ்டிக்குள் இருக்கும் கன்ட்ரோலர், நீங்கள் 'இதே இடத்தில் பூஜ்யம் எழுது' என்றால் வேறொரு காலி இடத்தில் எழுதிவிட்டு, கணக்கை மட்டும் மாற்றிக்கொள்ளும். பழைய பிரதி எங்கேயோ கிடக்கும். போதாததற்கு, விண்டோஸ் கண்ணுக்கே தெரியாத உபரி இடம் ஒன்று ஒவ்வொரு எஸ்எஸ்டியிலும் உண்டு. 256 கிகாபைட் டிரைவில் பைனரி கணக்குக்கும் தசமக் கணக்குக்கும் உள்ள வித்தியாசத்திலேயே சுமார் 7 சதவீதம் அப்படி ஒதுங்கிவிடும். அங்கே தங்கிவிட்ட தரவை எந்த ஷ்ரெடரும் தொட முடியாது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ ஆய்வாளர்கள் இதை 2011லேயே சோதித்துக் காட்டினார்கள். ஒரு தனி ஃபைலை மட்டும் பாதுகாப்பாக அழிப்பதாகச் சொன்ன முறைகளில் ஒன்றுகூட எஸ்எஸ்டியில் பலிக்கவில்லை. முழு டிரைவையும் இரண்டு முறை மேலெழுதியது பெரும்பாலும் பலித்தது, எப்போதும் அல்ல. டிரைவுக்குள்ளேயே இருக்கும் 'செக்யூர் எரேஸ்' கட்டளை நல்ல வழிதான். ஆனால் சில தயாரிப்பாளர்கள் அதையே தப்பாக எழுதியிருந்தார்கள்.

அந்தக் கட்டளையைக் கொடுக்க எளிய இடம், அலுவலக ரக லேப்டாப்களின் பயாஸ் மெனு, அதாவது விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே திறக்கும் அமைப்புத் திரை. 'செக்யூர் எரேஸ்' அல்லது 'டேட்டா வைப்' என்று இருக்கும். இல்லையென்றால் டிரைவ் தயாரிப்பாளரின் சொந்த மென்பொருள், அல்லது பென் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸ். சாட்டா வகை இணைப்புள்ள டிரைவில் அடிக்கடி வரும் சிக்கல், டிரைவ் 'ஃப்ரோசன்' என்று காட்டி மறுப்பது. வைரஸ் எதுவும் இதைச் செய்துவிடக் கூடாது என்று பயாஸே போட்டுவைக்கும் பூட்டு அது. கணினியை ஸ்லீப்பில் போட்டு எழுப்பினால் பெரும்பாலும் விடும். யுஎஸ்பி பெட்டியில் போட்டு முயன்றால் பல பெட்டிகள் கட்டளையை உள்ளே கடத்தவே கடத்தாது. நேரடியாக மாட்டுங்கள்.

இவ்வளவு பாடும் எதற்கு? தரவு முதல் நாளிலிருந்தே குறியாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்பட்டு, சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி இருந்தால் அழிப்பதற்கு இருப்பது ஒரே ஒரு சாவி. சாவி போனால் உபரி இடத்தில் ஒட்டியிருப்பதும், பழுதாகி ஒதுக்கப்பட்ட செக்டரில் கிடப்பதும் வெறும் குப்பை. இன்னொரு லாபமும் உண்டு, இதை யாரும் சொல்வதில்லை: செத்துப்போன டிரைவை அழிக்க முடியாது. உத்தரவாதக் காலத்துக்குள் எஸ்எஸ்டி திடீரென்று கண் மூடிவிட்டால், உள்ளே இருப்பதோடு அப்படியே சர்வீஸ் சென்டருக்கு அனுப்ப வேண்டும், இல்லையென்றால் பணத்தை மறந்துவிட வேண்டும். குறியாக்கம் இருந்தால் இந்த யோசனையே தேவையில்லை.

விண்டோஸ் ப்ரோவில் அதன் குறியாக்க வசதியான பிட்லாக்கரை இயக்கும்போது ஒரு கேள்வி வரும்: பயன்படுத்திய இடத்தை மட்டுமா, முழு டிரைவையுமா? புது டிரைவ் என்றால் முதலாவது போதும். ஏற்கெனவே புழங்கிய டிரைவ் என்றால் கட்டாயம் இரண்டாவதுதான்; இல்லாவிட்டால் முன்பு டெலிட் செய்தவை காலி இடத்தில் குறியாக்கம் இல்லாமலே கிடக்கும். அவசரத்தில் முதலாவதை அழுத்துகிறவர்கள்தான் அதிகம். ஹோம் பதிப்பில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, டிவைஸ் என்கிரிப்ஷன் என்று போய்ப் பாருங்கள்.

2024இல் வந்த விண்டோஸ் 11 24ஹெச்2 பதிப்பை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவினால் இது தானாகவே இயங்கிவிடும். இயக்கியது சரி, சத்தமில்லாமல் இயக்கியதுதான் தவறு. ஒரு பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு நீலத் திரை வந்து 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும்போதுதான் பலருக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரிகிறது. அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதாவது, சட்டப்படி உத்தரவு வந்தால் அந்த நிறுவனம் எடுத்துக் கொடுக்கக்கூடிய இடத்தில். அது பிடிக்காதவர்கள் ப்ரோ பதிப்பில் அச்சிட்டோ ஃபைலாகவோ தாங்களே வைத்துக்கொள்ளலாம். எப்படியானாலும் காகிதத்தில் ஒரு பிரதி எழுதி, லேப்டாப் பையில் அல்லாமல் வேறெங்காவது வையுங்கள்.

எஸ்எஸ்டிக்குள்ளேயே குறியாக்கம் இருப்பதாக டப்பாவில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். 2018இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குரூஷியல், சாம்சங் டிரைவ்கள் சிலவற்றில் பாஸ்வேர்டு இல்லாமலே தரவை எடுக்க முடிந்ததைக் காட்டினார்கள். கொடுமை என்னவென்றால், டிரைவ் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொன்னால் பிட்லாக்கர் அப்போது வேலையை அதனிடமே விட்டுவிடும். 2019இல்தான் மைக்ரோசாஃப்ட் அந்த வழக்கத்தை மாற்றியது.

குறியாக்கம் செய்த லேப்டாப்பை விற்கும் நாள் வந்தால்: பென் டிரைவிலிருந்து விண்டோஸ் நிறுவியைத் தொடங்கி, எல்லாப் பார்ட்டிஷன்களையும் நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவுங்கள். பயாஸில் டிபிஎம்மை (குறியாக்கச் சாவியைக் காக்கும் சிப்பை) கிளியர் செய்யுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து அந்தச் சாதனத்தையும் மீட்பு எண்ணையும் நீக்குங்கள். 'ரீசெட் திஸ் பிசி' வழியில் போனால் 'ரிமூவ் எவ்ரிதிங்' மட்டும் போதாது, 'சேஞ்ச் செட்டிங்ஸ்' உள்ளே போய் 'கிளீன் டேட்டா'வை ஆன் செய்ய வேண்டும். அந்த வழியிலும் 2022 தொடக்கத்தில் ஒரு ஓட்டை அகப்பட்டது: ஒன்டிரைவிலிருந்து கணினிக்கு இறங்கிய ஃபைல்கள் அழியாமல் விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டரில் அப்படியே இருந்தன. மார்ச் அப்டேட்டில் சரிசெய்தார்கள்.

போனில் நிலைமை இப்போது நன்றாக இருக்கிறது. 2015இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 2.3 முதல் 4.3 வரையிலான ஆண்ட்ராய்டு போன்கள் 21ஐ ரீசெட் செய்து பார்த்தபோது பாஸ்வேர்டு கேட்காமலே கணக்குக்குள் விடும் கூகுள் டோக்கன் வரை திரும்ப எடுக்க முடிந்தது. ஆண்ட்ராய்டு 10உடன் வெளிவந்த போன்கள் எல்லாவற்றிலும் குறியாக்கம் கட்டாயம். ரீசெட் என்றால் சாவி போய்விட்டது என்று பொருள். ஐபோனில் 3ஜிஎஸ் காலத்திலிருந்தே, அதாவது 2009இலிருந்தே இப்படித்தான். ஆகவே, 'ரீசெட் செய்துவிட்டு, பாட்டுகளாலும் வீடியோக்களாலும் நிரப்பி, மறுபடி ரீசெட் செய்' என்ற அறிவுரையை இன்றைய போனுக்குச் செய்ய வேண்டியதில்லை.

போனில் பிசகுவது வரிசைதான். முதலில், உள்நுழையும்போது கேட்கும் எண்ணைத் தரும் ஆத்தென்டிகேட்டர் ஆப்பில் உள்ள கணக்குகளைப் புதுப் போனுக்கு மாற்றுங்கள். பழையது அழிந்த பிறகு ஒவ்வொரு தளத்திலும் கெஞ்ச வேண்டிவரும். வாட்ஸ்அப் பேக்கப், பிறகு யுபிஐ ஆப்களிலிருந்து வெளியேறுதல். அடுத்து கூகுள் கணக்கையும், சாம்சங் என்றால் அதன் கணக்கையும் நீக்க வேண்டும். ஐபோனில் 'ஃபைண்ட் மை'யை அணைத்துக் கணக்கிலிருந்து வெளியேற வேண்டும். இவற்றுக்குப் பிறகே செட்டிங்ஸ் வழியாக ரீசெட். கணக்கை நீக்காமல், பட்டன்களை அழுத்திப் பிடித்து ரிகவரி வழியாக ரீசெட் செய்தால் திருட்டுத் தடுப்புப் பூட்டு விழித்துக்கொண்டு, வாங்கியவரிடம் உங்கள் பழைய கணக்கைக் கேட்கும். அவர் உங்களைத் தேடி வருவார். இ-சிம் இருந்தால் ரீசெட் திரையில் அதையும் அழிக்கச் சொல்லும் டிக்கைக் கவனியுங்கள். எண் புதுப் போனுக்கு மாறிவிட்டதா என்று முதலில் பார்த்துவிட்டு.

மெமரி கார்டு இந்தக் கணக்கில் சேராது. சாதாரணமாகச் செருகிய கார்டில் பொதுவாகக் குறியாக்கம் கிடையாது, ரீசெட் அதைத் தொடவும் தொடாது. கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். முன்னூறு, நானூறு ரூபாய் கார்டைச் சேர்த்து விற்று யாரும் பணக்காரர் ஆகப்போவதில்லை. பென் டிரைவுக்கும் அதேதான்.

விற்காமல் ரிப்பேருக்குக் கொடுப்பதும் இதில் ஒரு பங்கு. கடையில் பின் நம்பரை ஸ்டிக்கரில் எழுதி போனின் முதுகில் ஒட்டுகிறார்களே, அதற்குச் சம்மதிக்காதீர்கள். சாம்சங்கில் 'மெயின்டனன்ஸ் மோட்', பிக்சலில் 'ரிப்பேர் மோட்' இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் கேமரா, ஸ்பீக்கர், டச் எல்லாம் சோதிக்கலாம். உங்கள் படங்களும் மெசேஜ்களும் தெரியாது.

பெரிய நிறுவனங்கள் இதில் நம்மைவிடச் சமர்த்து என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க நிதி நிறுவனமான மார்கன் ஸ்டான்லி தன் தரவு மையங்களை மூடியபோது, டிஸ்க் அழிப்பில் அனுபவமே இல்லாத, சாமான் ஏற்றி இறக்கும் கம்பெனி ஒன்றிடம் வேலையைக் கொடுத்தது. வாடிக்கையாளர் விவரங்களோடு டிஸ்க்குகள் இணைய ஏலத்துக்குப் போயின. 2022 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 3.5 கோடி டாலர் அபராதம் விதித்தது. ஆணையத்தின் உத்தரவில் இன்னொரு விவரமும் இருக்கிறது: கிளை அலுவலகங்களின் சர்வர்களில் குறியாக்க வசதி இருந்தும், பல ஆண்டுகளாக அதை ஆன் செய்யவே இல்லை.

அழித்த பிறகு போட்டோரெக் ஓட்டிச் சரிபார்க்கலாமா என்றால், ஹார்ட் டிஸ்க்கில் ஓட்டலாம். ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் நிம்மதி. எஸ்எஸ்டியில் அந்தச் சோதனைக்கு அர்த்தம் இல்லை. டிரிம் செய்யப்பட்ட, அதாவது 'இது இனி வேண்டாம்' என்று விண்டோஸ் டிரைவிடம் சொல்லிவிட்ட, இடத்தைப் படிக்கக் கேட்டால் பல டிரைவ்களின் கன்ட்ரோலர் பூஜ்யம் என்றே பதில் சொல்லும், சிப்பில் தரவு இன்னும் இருந்தாலும்கூட.