இரண்டு காலுக்கும் சேர்த்து

சிங்கப்பூருக்கு வந்த நாலாவது நாள், "முழங்கால் குடையுதுடா" என்றாள் அம்மா. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தோம். 1827-இலிருந்து அந்த மாரியம்மன் குடியிருப்பது சைனாடவுனில். கால் பிடித்துவிடும் கடைகளுக்குப் பேர்போன பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ் கூப்பிடு தூரம். சரி வா என்று அழைத்துப் போனேன்.

சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, கால்களை வெந்நீரில் ஊறவிட்டார்கள். சுவரில் பெரிய பாதப் படம். பெருவிரல் தலை, நடுப்பள்ளம் வயிறு, குதிகால் இடுப்பு என்று பிளாட் போட்டு வண்ணம் அடித்திருந்தது.

முதல் பலி நான். சீன ஆன்ட்டி விரல் முட்டியை மடக்கிப் பெருவிரலில் ஓர் அழுத்து அழுத்தினார்.

"ஐயோ, அம்மா!"

"ஸ்லீப் நோ குட்."

அடுத்து நடுப்பள்ளம். இந்த முறை அம்மாவைக் கூப்பிடவே மூச்சு வரவில்லை.

"ஸ்டமக் நோ குட்."

அந்த முட்டியால் எங்கே அழுத்தினாலும் யாருக்கும்தான் வலிக்கும் என்பது என் கட்சி. வாய் திறக்கவில்லை, இன்னொரு கால் பாக்கி இருந்தது. பக்கத்தில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

பிறகு அம்மாவின் முறை. ஆன்ட்டி அழுத்தினார். அம்மா டிவி பார்த்தாள். மரக்குச்சி வந்தது. ஆன்ட்டியின் நெற்றியில் வியர்வை.

"எப்படா ஆரம்பிப்பா?"

ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் மூன்று வருஷம் தீ மிதித்த கால் அது. கல்யாணம் வரை செருப்பே பார்த்ததில்லை. ஆன்ட்டி நிமிர்ந்து, "எவ்ரிதிங் குட்!" என்றார், கொஞ்சம் கோபமாக.

அப்புறம் அம்மாவின் கையையே எடுத்து, முழங்கால் சில்லுக்குக் கீழே நாலு விரலை வைத்து அளந்தார். அளவு அவரவர் விரல்தானாம். வெளிப்பக்கமாக ஒரு புள்ளியில் கட்டைவிரலை இறக்கினார். அம்மா அரையடி எழும்பி உட்கார்ந்தாள்.

"கண்டுபிடிச்சுட்டாடா!"

அந்தப் புள்ளிக்குப் பேர் சூசான்லி, 'கால் மூன்று லீ'. களைத்தவன் அதை அழுத்திக்கொண்டால் இன்னும் மூன்று லீ நடப்பான் என்பார்கள். லீ என்பது அரை கிலோமீட்டர்.

வெளியே வந்ததும், "முஸ்தபா கடைக்கு நடந்தே போயிடலாம்" என்றாள் அம்மா.

"நேர்கோட்டுலயே மூணு கிலோமீட்டர்மா. எம்ஆர்டி ரயில்ல நாலே ஸ்டேஷன். அந்தப் புள்ளிக்கு ஒன்றரைதான் கணக்கு."

"ரெண்டு கால்லயும்தானே அழுத்தினா?"